சர்வதேசக் கொள்கை, மொழிபெயர்ப்பு, மொழி கற்பித்தல்: நம் கரைப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த மூன்று துறைகளில் மேற்படிப்பு பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். நான் சர்வதேச உறவுகள் படித்துவிட்டு மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்தவள். இப்போது இராமநாதபுரத்தில் இருந்துகொண்டு பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

பாம்பனிலிருந்து ஒரு தம்பி: "அக்கா, பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருடம். இந்த மூன்றில் எதை எடுத்தால் வேலை கிடைக்கும்?"

மூன்றிலும் வேலை இருக்கிறது தம்பி, ஆனால் ஒவ்வொன்றிலும் நாள் போகிற விதம் வேறு. கொள்கை படித்தவர் பகலெல்லாம் ஒப்பந்தமும் அறிக்கையும் புள்ளிவிவரமும் வாசித்து, சாயங்காலம் இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுப்பார். மொழிபெயர்ப்பாளர் தனியாக உட்கார்ந்து ஒரு பத்தியோடு மல்லுக்கட்டுவார். கூட்டத்தில் பேசப் பேச மொழிபெயர்ப்பவருக்கு மூளையும் வாயும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். அதனால்தான் கண்ணாடி அறைக்குள் இரண்டு பேராக உட்கார்ந்து, அரை மணி நேரத்துக்குள் ஆள் மாற்றிக்கொள்வார்கள். மொழி ஆசிரியருக்கு மனிதர்கள்மேல் பொறுமை வேண்டும். எது உனக்குச் சலிக்காது என்று பார்.

பேசி மொழிபெயர்ப்பது உனக்கு ஒத்துவருமா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். மேல்பக்கம் சுருள் கம்பி போட்ட சின்ன நோட்டு வாங்கு. பக்கத்தின் நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு போடு. வானொலியில் மூன்று நிமிட ஆங்கிலச் செய்தியைக் கேட்டுக்கொண்டே குறிப்பு எடு. பெயரையும் எண்ணையும் விடாமல் எழுது. மற்றதையெல்லாம் அம்புக்குறி, கூட்டல் கழித்தல், ஒற்றை எழுத்து என்று சுருக்கிக்கொள். யார், என்ன செய்தார், யாருக்கு என்பதைப் படிக்கட்டு மாதிரி இடமிருந்து வலமாகச் சரித்து எழுது. செய்தி முடிந்ததும் அந்தக் குறிப்பை மட்டும் வைத்துத் தமிழில் திருப்பிச் சொல்லி, கைப்பேசியில் பதிவு செய்து கேட்டுப் பார். பயிற்சிப் பள்ளிகளிலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். ஒரு மாதம் செய்தும் ஆசை குறையவில்லை என்றால் இந்தப் பக்கம் வா.

தங்கச்சிமடத்திலிருந்து: "நான் விசைப்படகுக் குடும்பம். சர்வதேசக் கொள்கை படித்தால் எங்கள் பிரச்சினைக்கு ஏதாவது பயன் உண்டா? அல்லது டெல்லிக்காரர்கள் படிக்கிற படிப்பா?"

வந்த கேள்விகளிலேயே இதற்குத்தான் அதிக நேரம் யோசித்தேன். இந்தப் படிப்பு உங்களுக்கு வேண்டும், இந்தப் படிப்புக்கும் உங்களைப் போன்றவர்கள் வேண்டும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கச்சத்தீவு பற்றி நம் டீக்கடைகளில் பேசாத நாள் கிடையாது. தீவு இலங்கைப் பக்கம் போன 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை முழுசாக வாசித்தவர்கள் எத்தனை பேர்? அது சில பக்கங்கள்தான். 5-ஆம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே தீவுக்குப் போய்வரலாம், அதற்காக இலங்கை பயண ஆவணமோ விசாவோ கேட்காது என்கிறது. 6-ஆம் பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் அடுத்தவர் கடலில் பாரம்பரியமாக அனுபவித்துவந்த உரிமைகள் தொடரும் என்கிறது. அப்புறம் 1976 மார்ச்சில் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். வெளிப்படையான அனுமதி இல்லாமல் ஒரு நாட்டுப் படகுகளும் மீனவர்களும் அடுத்த நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்பது அதில் வருகிறது. இப்போது கேள்விகள் கிளம்பும். போய்வரும் உரிமைக்குள் மீன்பிடி உரிமை அடங்குமா? முன்பு கொடுத்ததைப் பின்னால் வந்த கடிதம் எடுத்துவிடுமா? 1982-இல் வந்த ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை இதில் எங்கே நுழைகிறது? முதுகலை வகுப்பில் ஒரு பருவம் முழுக்க இந்த மாதிரிக் கேள்விகளோடுதான் உட்கார்ந்திருப்பீர்கள்.

இன்னொரு பக்கத்தையும் நேராகப் பார்க்க வேண்டியிருக்கும். கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவைமடிக்கு இலங்கை 2017-இல் சட்டப்படி தடை போட்டது. அதைக் கேட்டுப் போராடியவர்களில் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் முன்னால் நின்றார்கள். அவர்களும் தமிழர்கள், அவர்களும் கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள். கடலடி நாசமானால் இரண்டு கரைக்கும் மீன் இல்லை. விசைப்படகுக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் இதைப் படித்துவிட்டு இரு தரப்புப் பேச்சில் போய் உட்கார்ந்தால், வெளியிலிருந்து வரும் எந்த நிபுணருக்கும் இல்லாத மரியாதை கிடைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படிக்க டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சர்வதேச ஆய்வுப் பள்ளி இருக்கிறது. 1955-இல் தனி நிறுவனமாகத் தொடங்கி, பிறகு அந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பக்கத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம். இரண்டுக்கும் சியுஇடி என்ற பொது முதுகலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சார்க் நாடுகள் சேர்ந்து நடத்தும் தெற்காசியப் பல்கலைக்கழகமும் டெல்லியில்தான். அங்கே இலங்கை, வங்கதேச, நேபாள மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்காரலாம். நமக்கு அது பெரிய லாபம்.

கூடவே சிங்களம் படியுங்கள். இதை நான் பார்க்கிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 1987-இல் 13-ஆவது திருத்தம் வந்தபின் இலங்கையில் தமிழும் ஆட்சிமொழி, வடக்கில் நீதிமன்றமும் தமிழில் நடக்கும். ஆனால் கொழும்புக்குப் போய்விட்டால் சிங்களம் தெரியாதவர் பாதிப் பேச்சை வெளியே நின்றுதான் கேட்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், சிங்களம் மூன்றும் அறிந்து, கடல் தொழிலும் புரிந்த ஆள் நம் பக்கத்தில் தேடினாலும் அகப்படுவதில்லை.

கீழக்கரையிலிருந்து ஒரு தங்கை: "மதரசாவில் அரபி படித்தேன், பி.காம். முடித்தேன். அரபி வைத்து ஏதாவது செய்யலாமா அக்கா?"

கண்டிப்பாகச் செய்யலாம்மா. ஐ.நா.வின் ஆறு ஆட்சிமொழிகளில் அரபி ஒன்று. தமிழ் அதில் இல்லை, இந்தியும் இல்லை. தமிழை அரபி எழுத்தில் எழுதிய அர்வி நூல்கள் புழங்கிய ஊரிலிருந்து வருகிறாய், இரண்டு மொழிக்கும் நடுவில் வாழ்வது உங்களுக்குப் புதிதில்லை. ஆனால் ஓதுவதற்குப் படித்த அரபியும் செய்தித்தாளில் வருகிற அரபியும் ஒன்றல்ல. வளைகுடாவில் வீட்டில் பேசுவது இன்னும் வேறு. இந்த இடைவெளியை நிரப்பத்தான் முதுகலை. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும், ஹைதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் அரபித் துறை இருக்கிறது. பி.காம். படித்தது வீண் என்று நினைக்காதே. கணக்கும் ஒப்பந்தமும் புரிந்த அரபி மொழிபெயர்ப்பாளரை வியாபார நிறுவனங்கள் தேடிப் பிடிக்கும்.

மண்டபத்திலிருந்து ஆங்கில ஆசிரியை, வயது 26: "வெளிநாட்டில் தமிழ் சொல்லிக்கொடுக்க என்ன படிக்க வேண்டும்?"

உங்களுக்குப் பொருத்தமான ஒன்று இருக்கிறது. அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் அயல்மொழி கற்பித்தல் உதவியாளர் திட்டம். ஆங்கில ஆசிரியர்களை மனதில் வைத்து நடத்துவது. 9 மாதம் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் உங்கள் தாய்மொழியைக் கற்பிப்பீர்கள், நீங்களும் சில பாடங்கள் படிப்பீர்கள். பட்டம் கிடைக்காது. வயது 21 முதல் 29 வரை என்பதால் தள்ளிப்போடாதீர்கள். எந்தெந்த இந்திய மொழிகள் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள்.

பெர்க்லி, சிகாகோ, பென்சில்வேனியா பல்கலைக்கழகங்களில் தமிழ் நடக்கிறது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி என்பதால் பள்ளிப் பாடமாகவே இருக்கிறது. ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு விஷயத்தில் தயாராக இருங்கள். நம் பிள்ளைகள் பேச்சைக் கேட்டு வளர்ந்து, பள்ளியில் எழுத்துத் தமிழுக்கு வருகிறார்கள். வெளியார் இரண்டையும் ஒன்றாகச் சந்திக்கிறார்கள். புத்தகத்தில் படித்த வாக்கியத்தைக் கடையில் சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்களே என்று கேட்பார்கள். எதை முதலில் கொடுப்பது, எப்போது மற்றதைச் சேர்ப்பது என்று யோசித்து வைத்திருக்கும் ஆசிரியரைத்தான் தேர்வுக் குழு விரும்பும். உங்கள் விண்ணப்பக் கட்டுரையில் ஒரு வகுப்பையாவது முழுசாக விவரித்து எழுதுங்கள்.

ஆங்கிலம் கற்பிக்கவும் தகுதி வேண்டுமென்றால் கேம்பிரிட்ஜின் செல்டா சான்றிதழ். முழுநேரமாகப் படித்தால் ஏறத்தாழ ஒரு மாதம். உண்மையான மாணவர்கள் முன்னால் 6 மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும்.

சாயல்குடியிலிருந்து ஒரு அம்மா: "மகனுக்குக் கலிபோர்னியா மான்டரேயில் இந்தப் படிப்புகளுக்கே பேர்போன கல்லூரியில் இடம் வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள் அம்மா. அந்தக் கல்லூரி உண்மையானது, நல்ல பெயர் எடுத்தது. 1955-இல் தொடங்கியது, பின்னால் மிடில்பரி கல்லூரியோடு சேர்ந்தது. இந்த மூன்று துறைகளையும் ஒரே கூரைக்கு அடியில் சொல்லிக்கொடுத்த இடம். ஆனால் அங்கே நேரில் போய்ப் படிக்கும் முதுகலைப் படிப்புகளைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2025 ஆகஸ்டில் மிடில்பரியே அறிவித்துவிட்டது. மூடப்போகிற வளாகத்துக்கு இடம் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

எந்தக் கல்லூரியானாலும் சேர்க்கை அலுவலகத்துக்கு மகனே நேராக மின்னஞ்சல் எழுதட்டும். பதில் எழுதுவார்கள். கடன் வேண்டுமானால் வங்கிகளுக்கு வித்யாலட்சுமி இணையதளம் வழியாக நீங்களே விண்ணப்பிக்கலாம், இடையில் ஆள் தேவையில்லை. ஆதிதிராவிடர் குடும்பமாக இருந்தால் மத்திய அரசின் தேசிய அயலக உதவித்தொகையையும், தமிழக அரசின் அயலக உயர்கல்வி உதவித்தொகையையும் முதலில் பாருங்கள்.

தேவிபட்டினம், உச்சிப்புளி, தொண்டியிலிருந்து ஒரே கேள்வி: "மூன்று வருட டிகிரி வெளிநாட்டில் செல்லுமா?"

இங்கிலாந்தில் செல்லும். அங்கே முதுகலையும் பெரும்பாலும் ஒரே வருடம். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் நான்கு வருடம் எதிர்பார்க்கும், சில மூன்றையும் ஏற்கும், தனித்தனியாகக் கேட்க வேண்டும். இங்கே ஒரு முதுகலை முடித்துவிட்டுப் போனால் அந்தச் சிக்கலே இல்லை. பிரிட்டிஷ் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், அதாவது ஏறக்குறைய இரண்டு வருடம். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும், அவசரப்பட்டு முன்னாலேயே எழுதிவிடாதீர்கள்.

இராமநாதபுரம் டவுனிலிருந்து: "இயந்திரமே மொழிபெயர்க்கிறதே, இனி இதைப் படித்து என்ன பயன்?"

நியாயமான பயம். உச்ச நீதிமன்றம் 2019-இலிருந்து தீர்ப்புகளை மொழிபெயர்க்க மென்பொருளைப் பயன்படுத்துகிறது. இந்திய மொழிகளுக்கான மத்திய அரசின் மொழிபெயர்ப்புத் தளம் பாஷினி 2022-இல் வந்தது. பொருள் விவரம், பயனர் கையேடு போன்ற வேலைகளில் கூலி குறைந்துவிட்டது, அது திரும்ப ஏறும் என்று நான் சொல்ல மாட்டேன். இயந்திரம் கொடுத்ததைத் திருத்துவதே இன்று பாதி வேலை. அதனால் அந்தத் திருத்தத்தையும், முன்பு மொழிபெயர்த்த வாக்கியங்களைச் சேமித்து வைத்துத் திரும்ப எடுத்துக் கொடுக்கும் மொழிபெயர்ப்பு நினைவக மென்பொருளையும் சேர்த்துக் கற்றுத்தரும் படிப்பாகப் பாருங்கள். பழகிப் பார்க்க ஒமேகாடி என்ற மென்பொருள் இலவசம்.

ஆனால் மருத்துவமனையில், அகதி விசாரணையில், காவலில் இருப்பவரின் வாக்குமூலத்தில் நிலைமை வேறு. பயத்தில் இருக்கிறவர் பாதி வாக்கியத்தில் நிறுத்துவார், ஊர்ப் பேச்சில் சொல்வார், அழுவார். அங்கே தப்பாகப் போனால் ஒருவருடைய வாழ்க்கை போய்விடும், அதற்குப் பொறுப்பேற்க ஒரு மனிதர் இருக்க வேண்டும். கனடாவில் அகதி விசாரணைகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களை வைத்திருக்கிறார்கள். நம் நாடாளுமன்றத்திலும் தமிழுக்கு ஆள் இருக்கிறார்கள்.

நுழைவதற்குமுன் தமிழை நன்றாகப் பலப்படுத்துங்கள். எனக்கு வரும் மாதிரி மொழிபெயர்ப்புகளில் ஆங்கிலம் பெரும்பாலும் சரியாகப் புரிந்திருக்கிறது, தமிழ் வாக்கியம்தான் நொண்டுகிறது. தினமும் ஒரு தலையங்கம் தமிழில் வாசித்து, மூடி வைத்துவிட்டு, அதே விஷயத்தை உங்கள் சொற்களில் பத்து வரி எழுதுங்கள். எழுதியதை அனுப்பினால் நான் திருத்தித் தருகிறேன். கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பினாலும் சரி.