பங்க் பேண்டில் வாசிக்கும் மகனின் அப்பாவுக்கு

வணக்கம் சார்.

சனிக்கிழமை நீங்களும் தம்பியும் வந்து போனதிலிருந்து ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. "பேண்டா, படிப்பா? ஏதாவது ஒன்றை அவனையே சொல்லச் சொல்லுங்கள்" என்றீர்கள். தம்பி தலையைக் குனிந்துகொண்டு "பேண்ட்" என்றான். அதற்குப் பிறகு பெரம்பூர் போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் பேசியிருக்க மாட்டீர்கள். அந்தக் கேள்வியை அங்கேயே நான் தடுத்திருக்க வேண்டும். அவன் வாசிக்கிற இசைக்கு அந்தக் கேள்வி பொருந்தவே பொருந்தாது.

பங்க் என்றால் என்ன என்று கேட்டீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய ராக் இசை அது. மூன்றே கார்டு (கிட்டாரில் சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது), இரண்டு மூன்று நிமிடத்தில் முடிகிற பாட்டு, வேகம், கோபம். பெரிய வித்வானாக இருக்கத் தேவையில்லை. கம்பெனி வந்து கூப்பிடட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. நீயே எழுது, நீயே ரெக்கார்ட் பண்ணு, நீயே விற்றுக்கொள் என்பதுதான் அதன் அடிப்படை. 1977 ஜனவரியில் மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் என்ற பேண்ட், 500 பவுண்டு கடன் வாங்கித் தன் முதல் ரெக்கார்டைத் தானே வெளியிட்டது. அந்தக் கடனில் பாதியைக் கொடுத்தவர், கிட்டார் வாசித்த பையனின் அப்பா.

உங்களிடம் பணம் கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. யாரையும் நம்பி இருக்காத பேண்டுக்கும் காசு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சென்னையில் அந்தக் காசு மேடையிலிருந்து வராது. சினிமாப் பாட்டு வாசிக்கிற மெல்லிசைக் குழுவுக்குக் கல்யாண சீசன் இருக்கிறது, கர்நாடக சங்கீதத்துக்கு மார்கழி இருக்கிறது. சொந்தப் பாட்டு வாசிக்கிற ராக் பேண்டுக்கு அப்படி ஒரு சீசன் கிடையாது. ஜனவரியில் ஐ.ஐ.டி.யின் சாரங் மாதிரிக் கல்லூரி விழாக்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில அரங்குகள், மிச்சமெல்லாம் ஹோட்டல் பார்கள். பாரில் பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்த பாட்டைத்தான் வாசிக்கச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் மது அருந்த 21 வயது ஆகியிருக்க வேண்டும். அதனால் தம்பியின் வயதுப் பிள்ளைகள், அவன் பாட்டைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள், அங்கே வரவும் முடியாது.

ஆனால் ஆள் வரமாட்டார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதல்முறை மேடையேறியபோது பெருங்கூட்டம் திரண்டது. அவர்களுடையது பங்க் இல்லை, கானாவும் ராப்பும் ராக்கும் கலந்தது. ஆனால் சினிமாவில் வராத, கோபமான, தமிழ்ப் பாட்டைக் கேட்க இந்த ஊரில் ஆள் உண்டு என்பதை அன்றைக்குப் பார்த்தோம். தம்பி எழுதியதில் பாதி ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் எழுதியவைதான் என்னைத் தொட்டன. இதை அவனிடமும் சொல்லிவிட்டேன்.

சரி, படிப்புக்கு வருவோம். கலிஃபோர்னியாவில் டிசென்டன்ட்ஸ் என்று ஒரு பங்க் பேண்ட். அதன் பாடகர் மைலோ ஆகர்மன் 1982இல் படிப்பதற்காக பேண்டிலிருந்து விலகினார். அந்த ஆண்டு வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் பெயரே 'மைலோ கல்லூரிக்குப் போகிறான்' என்பதுதான். அவர் உயிரியலில் டாக்டர் பட்டம் வாங்கி, டூபான்ட் நிறுவனத்தில் தாவர ஆராய்ச்சியாளராகப் பல வருடம் வேலை பார்த்தார். நடுநடுவே பேண்டுக்கும் திரும்பி வந்து பாடினார். இசையை முழுநேரமாக எடுத்துக்கொண்டது 2016இல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு. இதை நான் சொன்னபோதுதான் தம்பி முதல்முறை நிமிர்ந்து பார்த்தான். அந்த பேண்டை அவனுக்கு நன்றாகத் தெரியும், அவருடைய படிப்பு தெரியாது.

மாதச் சம்பளம் வேறு எங்கிருந்தோ வருகிறவனுக்குத்தான் "இந்தப் பாட்டை மாற்றமாட்டேன்" என்று சொல்லும் தைரியம் இருக்கும். கையில் எதுவும் இல்லாதவன் ஆறே மாதத்தில் அடுத்தவர் பாட்டை வாசிக்கப் போய்விடுவான். அப்படிப் போன பையன்களை நான் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும். ஆகவே மெக்கானிக்கல் என்ஜினியரிங்கை முடிக்கச் சொல்லுங்கள். நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும் என்பதற்காக வேண்டாம். அவனுடைய பேண்ட் அவன் கையிலேயே இருக்க வேண்டும் என்பதற்காக. இரண்டு அரியரையும் இந்த செமஸ்டரில் எழுதட்டும், தேர்வுக்கு முந்தைய மூன்று வாரம் ஜாம் பேட் (பேண்ட் பயிற்சி செய்கிற அறை) பக்கம் போக வேண்டாம். பேண்டில் இருக்கிற மற்ற மூன்று பேருக்கும் தேர்வு இருக்கிறது, அவர்களும் ஒத்துக்கொள்வார்கள்.

சவுண்ட் என்ஜினியரிங்கில் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்கு நான்கு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது, நல்ல இடம்தான். ஆனால் ஏற்கெனவே இரண்டாம் வருடம் படிக்கிறவன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம். லீவு நாட்களில் ஒரு லைவ் சவுண்ட் ஆளோடு கேபிள் சுற்றப் போகட்டும். பிடித்திருந்தால் டிகிரிக்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பலாம்.

குடிப் பழக்கம் வந்துவிடுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. ஆனால் 1980களின் தொடக்கத்தில் வாஷிங்டன் பங்க் பிள்ளைகள் குடிக்கமாட்டோம், போதை தொடமாட்டோம் என்றே ஒரு பிரிவாக நின்றார்கள். கையில் எக்ஸ் குறி போட்டுக்கொள்வது அவர்கள் அடையாளம். தம்பியின் கையில் பேனாவால் போட்டிருந்ததைப் பார்த்துப் பதறினீர்களே, அதுதான் இது. அவனிடமே அதன் அர்த்தத்தைக் கேளுங்கள்.

நான் உண்மையில் கவலைப்படுவது அவன் காதைப் பற்றி. 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்றால், 100 டெசிபலில் 15 நிமிடம்தான் பாதுகாப்பு என்பது ஓர் அமெரிக்க அரசு நிறுவனத்தின் கணக்கு. சின்ன அறையில் டிரம்ஸ் வாசித்தால் 100ஐத் தாண்டிவிடும். மெடிக்கல் ஷாப்பில் விற்கிற பஞ்சு போன்ற இயர்பிளக்கே போதும், நான்கு பேருக்கும் வாங்கிக் கொடுங்கள். அப்புறம், எந்தப் பாட்டின் வரி யாருடையது, மெட்டு யாருடையது என்று நான்கு பேரும் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். நம் நாட்டில் பாட்டின் காப்புரிமை எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் நிற்கும். நண்பர்கள் பிரிவது பெரும்பாலும் இதில்தான்.

அடுத்த மாதம் அவர்கள் வாசிக்கும்போது நீங்கள் போய்ப் பாருங்கள். ஆறரை மணி என்று போட்டிருந்தால் ஏழரைக்குத் தொடங்குவார்கள். மேடைக்கு முன்னால் நிற்காதீர்கள், பையன்கள் குதிப்பார்கள், இடிபடுவீர்கள். பின்னால் சவுண்ட் மிக்ஸர் வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். வரிகள் அங்கேதான் தெளிவாகக் கேட்கும். மூன்றாவது பாட்டு உங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸைப் பற்றியது.