நோ டிரேஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பழைய டெஸ்ட் கருவிகளைக் குறைந்த விலைக்கு வாங்கிச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. போன மாதம் உக்கடத்தில் ஒரு காயலாங்கடையில் 20 மெகாஹெர்ட்ஸ் டூயல் டிரேஸ் சி.ஆர்.ஓ. (மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்) ஒன்று 1,800 ரூபாய்க்குக் கிடைத்தது. பவர் வயரை ஒரு சாண் விட்டு நறுக்கியிருந்தார்கள். புது வயரும் டூ பின் பிளக்கும் போட்டேன். உடனே திரையில் டிரேஸ், அந்தப் பச்சைக் கோடு, வந்துவிட்டது! இது என் ஆறாவது சி.ஆர்.ஓ. மல்டிமீட்டர் பதினொன்று இருக்கிறது. வீட்டில் இதை வியாதி என்கிறார்கள்.

நீங்கள் எழுத வருவதற்கு முன் பாலிடெக்னிக் லேபில் வேலை பார்த்தவர் என்று படித்தேன். அதனால் கேட்கிறேன். சி.ஆர்.ஓ.வின் பக்கவாட்டில் ஏதோ ஒரு பாலிடெக்னிக்கின் பெயர்ச்சுருக்கமும் எண்ணும் வெள்ளைப் பெயின்ட்டில் அசிங்கமாக எழுதியிருக்கிறது. தின்னர் போட்டு அழித்தால் அடியில் உள்ள பெயின்ட்டும் வந்துவிடுமா? அப்புறம், டெக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் 2465 ஸ்கோப் ஒன்று 28,000-க்கு வருகிறது. வாங்கலாமா, இல்லை பேசாமல் டி.எஸ்.ஓ.வுக்கே (டிஜிட்டல் ஸ்கோப்) போய்விடலாமா?

எஸ்., கோவை

*

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த டூ பின் பிளக்கைக் கழற்றி எறியுங்கள். எறிந்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

ப்ரோபின், அதாவது அளக்கும் வயரின், முனையில் தொங்குகிறதே ஒரு குட்டிக் கிளிப், அது எங்கே போகிறது என்று என்றைக்காவது மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தீர்களா? பதினொன்று வைத்திருக்கிறீர்களே. அது ப்ரோபைச் செருகும் பி.என்.சி. சாக்கெட்டின் ஓடு வழியாக சேசிஸுக்கு, அதாவது கருவியின் உலோகச் சட்டத்துக்குப் போகிறது. சேசிஸிலிருந்து பிளக்கின் மூன்றாவது பின்னுக்கு, எர்த்துக்கு. அந்த மூன்றாவது பின்னை நீங்கள் இல்லாமல் செய்துவிட்டீர்கள். நாளைக்கு ஒரு செட் டாப் பாக்ஸ் பவர் சப்ளையைத் திறந்து, மெயின்ஸ் பக்கத்து நெகட்டிவில் அந்தக் கிளிப்பை மாட்டுவீர்கள். 230 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் 325 வோல்ட். அது அப்படியே சி.ஆர்.ஓ.வின் தகரப் பெட்டியில் வந்து உட்காரும். டிரேஸ் அழகாகத்தான் தெரியும். ஃபோகஸைச் சரிபண்ண இடது கையைப் பெட்டி மேல் வைப்பீர்கள். அதற்கு மேல் நான் எழுத வேண்டாம்.

"எர்த் கொடுத்தால் ட்ரிப் ஆகிறது" என்று இதற்கு ஒரு சாக்கு சொல்வார்கள். ட்ரிப் ஆகத்தான் வேண்டும், அதற்குத்தான் அது இருக்கிறது. மெயின்ஸோடு நேரடித் தொடர்பு இல்லாமல் கரண்ட் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். அதைச் சோதிக்கிற போர்டுக்குக் கொடுங்கள், சி.ஆர்.ஓ.வுக்கு அல்ல. ஏழாவது சி.ஆர்.ஓ. வாங்கும் காசில் அது வந்துவிடும்.

2465 வேண்டாம். 300 மெகாஹெர்ட்ஸில் உங்களுக்கு அளக்க என்ன இருக்கிறது? நல்ல கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் அதனுள்ளே டெக்ட்ரானிக்ஸ் தனக்கென்றே செய்துகொண்ட ஐ.சி.க்கள் இருக்கின்றன. ஒன்று செத்தால் அந்த ஐ.சி.க்காகச் செத்துப்போன இன்னொரு 2465-ஐத் தேடி அலைவீர்கள். அப்படித்தான் ஒன்று ஆறாகிறது. டி.எஸ்.ஓ.வா அனலாகா என்ற சண்டைக்கு நான் வரவில்லை, எது கையில் இருக்கிறதோ அது.

வியாதி என்று வீட்டில் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கலிபோர்னியாவில் ஜிம் வில்லியம்ஸ் என்று ஒருவர் இருந்தார். அனலாக் சர்க்யூட்டில் மேதை. 2011-இல் காலமானார். பழுதான பழைய ஸ்கோப்புகளைத் தேடி வாங்கி, சரிபண்ணி, அவற்றை வைத்தே கடைசிவரை வேலை பார்த்தவர். அவருடைய மேசையைக் குப்பையும் கூளமுமாக, இருந்தது இருந்தபடியே கொண்டுபோய் மவுன்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். இதை வீட்டில் சொல்லிப் பாருங்கள். ஆனால் அவர் வாங்கியதையெல்லாம் திறந்தார். நீங்கள் பிளக்கை மாட்டி, டிரேஸ் வந்ததும் அலமாரியில் ஏற்றிவிடுகிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றுகிறது. தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

சரி, அந்த வெள்ளைப் பெயின்ட்.

அசிங்கமாக எழுதியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, அதை எழுதுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? இரண்டாம் நம்பர் பிரஷ், வெள்ளை எனாமல், ஒரு மூடியில் கொஞ்சம் டர்பன்டைன். தகரம் வழவழவென்று இருக்கும், பெயின்ட் ஓடும். கையை ஊன்ற இடம் இருக்காது. எட்டு போடும்போது நடு இடுப்பு நிரம்பிப் பொட்டாகிவிடும். எங்கள் லேபில் இருபத்தாறு வருடம் நான்தான் எழுதினேன். என் எட்டுகள் எல்லாம் கர்ப்பமாக இருக்கும் என்று கேலி செய்வார்கள்.

ஒவ்வொரு எண்ணுக்கும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஒரு வரி உண்டு. வந்த தேதி, பில் எண், விலை, கையெழுத்து. வருடா வருடம் சரிபார்ப்புக்கு வேறு டிபார்ட்மென்டிலிருந்து ஒருவர் வருவார். பெரும்பாலும் மெக்கானிக்கல்காரர். சி.ஆர்.ஓ.வுக்கும் ஃபங்ஷன் ஜெனரேட்டருக்கும் வித்தியாசம் தெரியாது. அவருக்குத் தேவையும் இல்லை. நான் எண்ணை வாசிப்பேன், அவர் டிக் அடிப்பார். கருவி வேலை செய்கிறதா என்று ஒரு வருடம்கூட யாரும் கேட்டதில்லை. எண் இருந்தால் கருவி இருக்கிறது.

எங்கள் லேபுக்குச் சி.ஆர்.ஓ.க்கள் 1988-இல் வந்தபோது ஒன்றின் விலை என் ஆறு மாதச் சம்பளத்துக்கு மேல். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டு, பிள்ளைகளை மூன்று மூன்று பேராக உட்கார வைப்போம். பச்சைக் கோடு வந்ததும் சத்தம் அடங்கிவிடும். லேபைப் பெருக்க வரும் அம்மா ஒருநாள் திரையில் லிஸாஜு உருவம் (இரண்டு அலைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்த்தால் வரும் வளையம்) சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "புள்ளியே வைக்காம சிக்குக் கோலம் போடுதே" என்றார். அதற்குப் பிறகு மூன்றுக்கு இரண்டு விகிதத்தில் ஃப்ரீக்வன்ஸி வைக்கும்போதெல்லாம் அவரைக் கூப்பிட்டுக் காட்டுவேன்.

2009-இல் புது டி.எஸ்.ஓ.க்கள் வருவதாக இருந்தது. இடம் வேண்டும். பழையதைக் கண்டம் பண்ண, அதாவது உதவாதது என்று எழுதிக் கழித்துவிடச் சொன்னார்கள். பதினான்கு சி.ஆர்.ஓ. மூன்று பேர் கமிட்டி. படிவத்தில் "குறைபாடு" என்று ஒரு பத்தி இருந்தது. அதில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? பதினான்குக்கும் ஒரே வார்த்தை. நோ டிரேஸ். முதல் வரியில் முழுதாக எழுதிவிட்டு அடுத்த பதின்மூன்று வரிக்கும் மேற்படிக் குறி போட்டேன். ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. "பழுதுபார்க்க இயலாது" என்று ரப்பர் ஸ்டாம்ப் விழுந்தது. டீ வந்தது. மொத்தம் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

டிரேஸ் வராததற்குக் காரணம் என்னவென்று லேபில் இருந்த எவருக்கும் தெரியும். பாதி நேரம் யாராவது பொசிஷன் குமிழைக் கோடிக்குத் திருகி வைத்திருப்பார்கள். இல்லையென்றால் எக்ஸ்-ஒய் பட்டன் அழுந்தியிருக்கும். இல்லையென்றால் ட்ரிக்கர் ஆட்டோவில் இருக்காது. எட்டு மணி வகுப்புக்கு முன்னால் பத்து நிமிடத்தில் நான் தினமும் சரிசெய்கிற விஷயங்கள். தெரிந்தேதான் எழுதினேன்.

லாரி வரத் தாமதமான மூன்று நாளில் மனசு கேட்காமல் ஒன்றைத் திறந்தேன். ஃப்யூஸ் போயிருந்தது. இரண்டு ரூபாய்க் கண்ணாடி ஃப்யூஸ். மாற்றினேன், கோடு வந்தது. கொஞ்சம் தடித்துக் கலங்கலாக இருந்தது. இன்டென்ஸிட்டியைக் குறைத்து, எக்ஸ்-ஒய்யில் போட்டு அதைப் புள்ளியாக்கினேன். புள்ளி முட்டை வடிவத்தில் சாய்ந்திருந்தது. உள்ளே அஸ்டிக்மாட்டிசம் ப்ரீசெட் என்று புள்ளியின் வடிவத்தைச் சரிசெய்யும் ஒரு குட்டித் திருகு இருக்கும், தெரியுமில்லையா, அதைப் பிளாஸ்டிக் ட்ரிம்மரால் மயிரிழை திருப்பி, ஃபோகஸை ஒரு மயிரிழை, மறுபடி ப்ரீசெட்டை ஒரு மயிரிழை. கடைசியில் ஊசிமுனை மாதிரி வட்டமாக நின்றது. ப்ரீசெட் நகராமல் இருக்க அதன் தலையில் என் நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தேன். அந்தக் காலத்தில் ட்யூனிங் முடித்ததும் எல்லோரும் செய்வதுதான். மூடியைப் போட்டு, பதினான்கில் அதையும் சேர்த்து அடுக்கிவிட்டேன். வேறு என்ன செய்வது? ரிஜிஸ்டரில் சிவப்பு மையால் கோடு கிழித்தாயிற்று. கண்டம் செய்த எண்ணை உயிர்ப்பிக்க எந்தக் காலேஜிலும் படிவம் கிடையாது.

லாரியோடு வந்த பையன் ஏற்றுவதற்கு முன்பே கட்டிங் ப்ளேயரால் வயர்களை நறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டான். செம்புக்குத் தனி விலை. ஒரு சாண் விட்டு நறுக்கினான். உங்கள் கடிதத்தில் அந்த ஒரு சாணைப் படித்ததும் கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை.

டெக்ட்ரானிக்ஸ் பற்றிக் கேட்டீர்கள். அவர்களுடைய பழைய 500 வரிசை வால்வ் ஸ்கோப்புகளில் பாகங்களைப் பீங்கான் பட்டைகளில் ஈயம் வைத்திருப்பார்கள். பட்டையின் காடியில் வெள்ளி பூசியிருக்கும். சாதாரண சால்டர் வைத்தால் அந்த வெள்ளியைக் கரைத்துத் தின்றுவிடும். அதற்காக, வெள்ளி கலந்த சால்டரை ஒரு சின்ன உருளையில் சுற்றி ஸ்கோப்பின் உள்ளேயே மாட்டி அனுப்பினார்கள். பத்து வருடமோ இருபது வருடமோ கழித்து யாரோ ஒருவர் திறப்பார், அவர் கையில் இது இருக்காது என்று யோசித்திருக்கிறார்கள். முழு சர்க்யூட் படத்தோடு மேனுவலும் கொடுத்தார்கள். செய்தவன் இப்படி நினைத்தான். வைத்திருந்த நான் மேற்படிக் குறி போட்டேன்.

நீங்கள் மலிவு என்று கொண்டாடுவது என் மாதிரி ஆட்களின் சோம்பல். அதை 1,800-க்கு வாங்கியிருக்கிறீர்கள். வாங்கியதில் தப்பில்லை, அது உலைக்குப் போகாமல் உங்களிடம் வந்ததே எனக்குச் சந்தோஷம்தான். எண்ணை அழிக்கக் கேட்கிறீர்களே, அதுதான். எந்தத் தின்னர் போட்டால் மேல் பெயின்ட் மட்டும் வரும் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

த்ரீ பின் போட்டுவிட்டீர்களா? போட்ட பிறகு ஒருநாள் ஓட்டுங்கள். பிறகு பிளக்கை முழுதாகப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் விட்டு மூடியைத் திறங்கள். இந்த வகை டியூபுக்கு 2,000 வோல்ட் அளவில் போகும், கண்டென்சரில் மிச்சம் நிற்கலாம். ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும், எதையும் தொட வேண்டாம். டார்ச் அடித்து, டியூபின் கழுத்துப் பக்கத்துப் போர்டில் ப்ரீசெட்டுகளின் தலையை மட்டும் பாருங்கள். மங்கின சிவப்பில் ஒரு சொட்டு இருக்கிறதா?

இருக்காது. அந்த வருடங்களில் எத்தனையோ பாலிடெக்னிக்குகளில் இதே கதைதான் நடந்தது. இருந்தாலும் பார்த்து எழுதுங்கள். அந்த எண்ணில் எட்டு இருந்தால், அதன் இடுப்பு அடைந்திருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்.