மூணு வருஷம் என்ன பண்ணீங்க?

அன்புள்ள அக்கா,

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. பி.காம். படித்து, டைப்பிங்கில் இங்கிலீஷ் ஹையர், தமிழ் லோயர் முடித்திருக்கிறேன். கிருஷ்ணகிரியில் ஒரு கிரானைட் ஏற்றுமதி ஆபீஸில் எம்.டி.க்கு (நிர்வாக இயக்குநர்) மூன்று வருடமாக பி.ஏ.வாக, அதாவது நேர்முக உதவியாளராக, இருக்கிறேன். போன மாதம் ஓசூரில் ஒரு இன்டர்வியூ. “மூணு வருஷம் என்ன பண்ணீங்க?” என்று கேட்டார்கள். “போன் எடுப்பேன், சார் சொல்ற வேலையெல்லாம் செய்வேன்” என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. வேலையும் கிடைக்கவில்லை. இப்போது இன்னொரு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். சேர்ந்தால் ஒரிஜினல் சர்டிபிகேட்டை இரண்டு வருடம் கொடுத்து வைக்க வேண்டுமாம். வீட்டிலோ “இதெல்லாம் ஒரு வேலையா, குரூப் 4-க்குப் படி” என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

க.

அன்புள்ள க.,

ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். காட்டுங்கள், சரிபார்க்கட்டும், நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஒரிஜினலோடு வீட்டுக்கு வாருங்கள். 22 வயதில் என் முதல் வேலையில் பிளஸ் டூ மார்க் ஷீட்டைக் கொடுத்துவிட்டேன். விலகும்போது அதை வாங்க நான்கு மாதம் நடந்தேன். அதற்குள் கைக்கு வந்த இன்னொரு வேலை போய்விட்டது. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இனி அந்தக் கேள்வி. நானும் பதினோரு வருடம் பி.ஏ.வாக இருந்தவள், அதனால் உங்கள் பதிலைப் படித்ததும் மனசு வலித்தது. உங்கள் எம்.டி.க்குக் காலை 7 மணிக்கு பெங்களூரில் விமானம் என்றால் கிருஷ்ணகிரியிலிருந்து கார் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? உங்களுக்கு யோசிக்காமலே தெரியும். விமான நிலையம் இருப்பது ஊருக்கு வடக்கே, தேவனஹள்ளியில். ஓசூர், அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி எல்லாம் தாண்டி அந்த நகரத்தையே குறுக்கே கடந்தாக வேண்டும். டிரைவரிடம் முந்தின நாளே சொல்லி, விடியுமுன் அவர் கிளம்பிவிட்டாரா என்று போன் போட்டுப் பார்த்தது யார்? வெளிநாட்டு பையர் கல் பார்க்க வருகிற அன்று, நிறமும் கீறலும் தெரியும்படி பிளாக்குகளைத் தண்ணீர் விட்டுக் கழுவி வைக்கச் சொல்லி யார்டுக்குச் சொன்னது யார்? கன்டெய்னர் துறைமுகத்துக்குப் போன பிறகு, சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான சீட்டு, அந்த பில் ஆஃப் லேடிங், வந்ததா என்று ஏஜென்டை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது யார்? இதையெல்லாம் “போன் எடுப்பேன்” என்ற இரண்டு சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டீர்கள்.

நம் வேலை சரியாக நடந்தால் யார் கண்ணிலும் படாது. அதனால் நாமே எழுதி வைத்தால்தான் உண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் டைரிகளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நீங்கள் அன்றைக்கு லீவு போட்டிருந்தால் எந்த வேலை நின்றிருக்கும் என்று ஒவ்வொரு மாதமாகப் பாருங்கள். ஏழெட்டு சம்பவம் கிடைக்கும். என்ன சிக்கல் வந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், எப்படி முடிந்தது என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். வாரத்துக்கு எத்தனை சந்திப்பு, எத்தனை கடிதம் என்று எண்ணியும் பாருங்கள். எண்ணியதை மட்டும் சொல்லுங்கள், கூட்டிச் சொல்ல வேண்டாம். டைப்பிங்கையும் “தெரியும்” என்று விட்டுவிடாதீர்கள். ஹையர் என்றால் நிமிடத்துக்கு 45 சொல், அதையே சொல்லுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். பையர் பெயர், விலை, எம்.டி.யின் குடும்ப விஷயம் இவை அந்தப் பக்கங்களிலும் வரக் கூடாது, வாயிலும் வரக் கூடாது. இன்டர்வியூவில் தோண்டிக் கேட்டால், “அது அந்த ஆபீஸ் விஷயம் சார், சொல்ல மாட்டேன்” என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அந்தப் பதிலுக்காகவே உங்களை எடுப்பவர்கள் உண்டு. அதனால் வேலை கிடைக்காமல் போனால், அங்கே உங்கள் முதலாளியாக வரப்போகிறவர் எப்படிப்பட்டவர் என்று முன்கூட்டியே தெரிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் ஒரு வேலையா என்பவர்களிடம் கலெக்டர் ஆபீஸைக் காட்டுங்கள். அங்கே கலெக்டரின் நேர்முக உதவியாளர் (பொது) என்பவர் துணை ஆட்சியர் நிலை அதிகாரி. ஆனால் குரூப் 4 பற்றி வீட்டில் சொல்வதைத் தள்ள வேண்டாம். அதில் சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணி இருக்கிறது. டைப்பிங் உங்களிடம் இருக்கிறது, ஷார்ட்ஹேண்ட்தான் இல்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் கற்றுக்கொள்ள வேண்டும். அரசுத் தேர்வில் லோயருக்கு நிமிடத்துக்கு 80 சொல், ஹையருக்கு 120. ஆங்கிலத்தில் கை பழகிவிட்டால் மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. ஸ்டெனோகிராபர் தேர்வுக்கும் போகலாம். அங்கே பத்து நிமிட டிக்டேஷன், டி கிரேடுக்கு நிமிடத்துக்கு 80 சொல், சி கிரேடுக்கு 100. ஆனால் இது ஒரு மாதத்தில் வருகிற வித்தை கிடையாது. தினமும் ஒரு மணி நேரம் இன்ஸ்டிடியூட்டில் உட்கார வேண்டும். அதற்காக இப்போதைய வேலையை விட்டுவிடாதீர்கள்.

இன்டர்வியூவுக்கு முந்தின இரவு அந்த இரண்டு பக்கத்தையும் அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்று வருடமாக நீங்கள் அங்கே என்ன செய்தீர்கள் என்று அவருக்கும் இதுவரை தெரிந்திருக்காது.