பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரியை மனப்பாடம் செய்யாமல் படிப்பது எப்படி?

கேள்வி: முதலாண்டு பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி படிக்கிறேன். கிளைக்காலிசிஸை (செல் குளுக்கோஸைப் பத்துப் படிகளில் உடைக்கும் பாதை) எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் மறந்துவிடுகிறது. பிராக்டிகலில் புரத அளவீட்டுக்குக் கிராஃப் போட்டால் கோடு நேராக வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: குறை உங்கள் ஞாபகசக்தியில் இல்லை. என்சைம் பெயர்களை வரிசையாகப் படிக்கிறீர்கள், மூலக்கூறை வரைந்து படிப்பதில்லை. கார்பன்களுக்கு எண் போட்டு வரையத் தொடங்கினால் ஒரு படி அடுத்த படியை இழுத்துக்கொண்டு வரும்.

இரண்டாம் படியையே பாருங்கள். குளுக்கோஸ்-6-பாஸ்பேட் ஏன் பிரக்டோஸ்-6-பாஸ்பேட்டாக மாற வேண்டும்? நான்காம் படியில் ஆல்டோலேஸ் என்ற என்சைம் மூலக்கூறை இரண்டாக வெட்டப்போகிறது. அந்த வெட்டு எப்போதும் கார்பனைலை (C=O தொகுதி) ஒட்டிய கார்பனுக்கும் அதற்கடுத்த கார்பனுக்கும் நடுவில்தான் விழும். குளுக்கோஸில் கார்பனைல் 1ஆம் கார்பனில் இருக்கிறது. அப்படியே வெட்டினால் 2க்கும் 3க்கும் நடுவே உடைந்து, இரண்டு கார்பன் துண்டு ஒன்றும் நான்கு கார்பன் துண்டு ஒன்றும் கிடைக்கும். இரண்டுக்கும் தனித்தனிப் பாதை தேவைப்படும். பிரக்டோஸில் கார்பனைல் 2ஆம் கார்பனுக்கு நகர்ந்துவிடுகிறது. வெட்டு 3க்கும் 4க்கும் நடுவே விழுந்து மும்மூன்று கார்பனாகப் பிரிகிறது. அந்த இரண்டு துண்டும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை என்பதால் மேற்கொண்டு ஒரே பாதை போதும். இதை ஒருமுறை கையால் வரைந்தவருக்கு இரண்டாம் படி மறக்காது.

கிளைக்காலிசிஸுக்குப் பின்னால் வரும் டி.சி.ஏ. சுழற்சியில் சிட்ரேட் ஐசோசிட்ரேட்டாவதும் இதே மாதிரிதான். சிட்ரேட்டின் ஹைட்ராக்சில் (OH) இருக்கும் கார்பனில் ஹைட்ரஜனே இல்லை, அதனால் அதை ஆக்சிஜனேற்றம் செய்ய முடியாது. ஹைட்ராக்சிலைப் பக்கத்துக் கார்பனுக்கு மாற்றினால் முடியும்.

தினம் ஒரு வெள்ளைத்தாளில், புத்தகத்தை மூடிவைத்து, பத்துப் படிகளையும் அமைப்போடு வரையுங்கள். ஹெக்சோகைனேஸ், பாஸ்போபிரக்டோகைனேஸ், பைருவேட் கைனேஸ் மூன்றும் திரும்ப முடியாத படிகள். சிவப்பு மையில் குறியுங்கள். செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. 2 செலவு, 4 வரவு, நிகரம் 2. கூடவே எலக்ட்ரானைச் சுமக்கும் என்.ஏ.டி.எச். 2. அம்புக்குறி சார்ட்டை மட்டும் பார்த்துப் படிப்பது வீண்.

அமினோ அமிலம் இருபதையும் முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் என்சைம் பாடம் முழுக்கத் திணறும்.

இனி பிராக்டிகல். பெரும்பாலான கல்லூரிகளில் செய்வது 1951இல் வந்த லோரி முறை. புரதம் கூடக் கூட நீல நிறம் கூடும், அந்த நிறத்தைத்தான் அளக்கிறோம். மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் பி.எஸ்.ஏ. (ஸ்டாண்டர்டாகப் பயன்படும் புரதம்) கரைசலில் 0.2, 0.4, 0.6, 0.8, 1.0 மி.லி. எடுத்து, ஒவ்வொன்றையும் தண்ணீரால் 1 மி.லி. ஆக்குங்கள். பிளாங்க்கில் 1 மி.லி. தண்ணீர் மட்டும். காரத் தாமிரக் கரைசல் 5 மி.லி. சேர்த்து 10 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஃபோலின் கரைசல் 0.5 மி.லி.; இருட்டில் 30 நிமிடம்; 660 நானோமீட்டரில் அளவு.

தப்பு நடக்கும் இடம் ஃபோலின். காரத்தில் அது சில நொடிகளே வீரியத்தோடு இருக்கும். எல்லா ட்யூபிலும் ஊற்றிவிட்டுக் கடைசியில் மொத்தமாகக் குலுக்கினால் முதல் ட்யூபில் நிறம் குறைந்துவிடும், புள்ளிகள் சிதறும். ஒரு ட்யூபில் ஊற்றியதும் உடனே குலுக்கி, அரை நிமிட இடைவெளியில் அடுத்ததற்குப் போங்கள். அளவெடுக்கும்போதும் அதே வரிசை, அதே இடைவெளி. தாமிரக் கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். பழையதில் வீழ்படிவு வரும். இவ்வளவு செய்தும் கோட்டின் மேல்முனை கொஞ்சம் வளைந்தால் பயப்பட வேண்டாம், அது முறையின் இயல்பு. ஸ்கேல் வைத்து நேராக்காதீர்கள்.

பி.எச். மாறாமல் வைக்கும் கரைசலான பஃபர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பி.எச். 7.4க்கு பாஸ்பேட் பஃபரின் பி.கே.ஏ. (இரண்டு உப்பும் சம பங்காக இருக்கும் பி.எச்.) 7.2 என்று வைத்துக் கணக்குப் போட்டால் டைசோடியம் உப்பு 61 பங்கு, மோனோசோடியம் உப்பு 39 பங்கு வரும். பஃபர் கலக்கும் அட்டவணையோ 81, 19 என்கிறது. கணக்கும் சரி, அட்டவணையும் சரி. 7.2 என்பது மிக நீர்த்த கரைசலுக்கான மதிப்பு, 0.1 மோலாரில் அயனிகளின் நெருக்கத்தால் அது ஏறத்தாழ 6.8க்கு இறங்கிவிடுகிறது. கணக்கை நம்பிக் கலந்தால் பி.எச். மீட்டர் 7.0 பக்கம் காட்டும். அதனால் அட்டவணைப்படி கலந்து, மீட்டரில் சரிபாருங்கள்.

கொடுத்த அன்நோன் (அளவு தெரியாத புரத மாதிரி) உங்கள் கடைசி ஸ்டாண்டர்டையும் தாண்டி நிறம் காட்டினால் கோட்டை நீட்டி விடை எடுக்க வேண்டாம். மாதிரியை ஐந்து மடங்கு நீர்த்து, மறுபடி செய்து, வரும் விடையை ஐந்தால் பெருக்குங்கள்.