ரொறன்ரோ எத்தனை மணித்தியாலம்? அம்மாவின் கால் தாங்குமா?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. சீனி வருத்தத்துக்குக் காலையும் இரவும் இன்சுலின் ஊசி போடுகிறார். இதய வருத்தம் இல்லை. வலது காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. தங்கச்சியின் பிள்ளைப்பேறு பார்க்க ரொறன்ரோ போகிறார். எவ்வளவு நேரப் பயணம்? பக்கத்து வீட்டு அக்கா அஸ்பிரின் போட்டுக்கொண்டு ஏறச் சொல்கிறார். போடலாமா? (களுவாஞ்சிகுடி வாசகி)

பதில்: கொழும்பிலிருந்து ரொறன்ரோ நேர்கோட்டில் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். டுபாய் வழியாகப் போனால் முதலில் நாலரை மணித்தியாலம், அப்புறம் ஒரே இருப்பில் சுமார் 14 மணித்தியாலம். அதற்கு முன்னால் வேன் ஓட்டம் இருக்கிறதே! பொலன்னறுவை, ஹபரணை, குருநாகல் தாண்டிக் கட்டுநாயக்க போய்ச் சேரவே 7 மணித்தியாலம் ஆகும். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கூட்டிப் பாருங்கள், 25 மணித்தியாலத்துக்கு மேல் முழங்கால் மடங்கியபடி.

விமானமோ பஸ்ஸோ, 4 மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருந்தால் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. நல்ல சுகமாக இருப்பவர்களில் அது 6,000 பேரில் ஒருவருக்கு வரலாம். வயதும் சுருண்ட நரம்பும் அம்மாவுக்கு அதைக் கொஞ்சம் கூட்டும். பயப்பட வேண்டாம், ஆனால் ஆயத்தம் வேண்டும்.

இதற்கென்று புதிதாக அஸ்பிரின் தொடங்க வேண்டாம். வயிற்றில் இரத்தம் கசிய வைக்கும், நாளத்தில் உறைவதைத் தடுப்பதில் பெரிய பலனும் இல்லை. தூக்கக் குளிசையும் கொடுக்காதீர்கள். முழங்காலுக்குக் கீழே போடும் இறுக்கமான காலுறை உதவும். ஆனால் சீனி வருத்தக்காரரின் பாதத்துக்கு இரத்தம் சரியாகப் போகிறதா என்று கிளினிக்கில் நாடி பார்த்த பிறகுதான் வாங்க வேண்டும், அதுவும் கால் அளவெடுத்து.

நடைபாதையோரச் சீற் எடுங்கள். நம் அம்மாமார் எழும்ப வேண்டி வருமே என்று தண்ணீரே குடிக்க மாட்டார்கள். குடிக்கட்டும், எழும்பட்டும், நமக்கு வேண்டியது அதுதான். உட்கார்ந்திருக்கும்போது குதிக்காலை நிலத்தில் வைத்து விரல்களை மேலே இழுப்பது, பிறகு விரலை ஊன்றிக் குதிக்காலைத் தூக்குவது. தையல் மெசின் மிதிப்பது போல, மணிக்கு இருபது தடவை. வேனையும் ஹபரணையில் நிறுத்தி ஒரு தேத்தண்ணி குடித்து நடக்க விடுங்கள்.

இன்சுலின் கைப்பையில்தான் போக வேண்டும். பெரிய பெட்டியில் போட்டால் கீழே உறைந்துவிடலாம், உறைந்த மருந்து பிறகு உருகினாலும் உதவாது. ரொறன்ரோ நேரம் நம்மைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. ஆகவே அம்மாவுக்கு அந்த ஒரு நாள் நீண்டுபோகும். ஊசியின் அளவையும் நேரத்தையும் கிளினிக் கொப்பியுடன் போய் உங்கள் வைத்தியரிடமே எழுதி வாங்குங்கள். ஒன்று மட்டும் நான் சொல்கிறேன்: சாப்பாட்டுத் தட்டு மடியில் வந்த பிறகுதான் ஊசி. சாப்பாட்டு வண்டி வருகிறது என்று முதலே போட்டுவிட்டு, விமானம் குலுங்கிச் சாப்பாடு தாமதமானால் சீனி சட்டென்று இறங்கிவிடும். கையில் நாலு டொபியும் இருக்கட்டும்.

போய்ச் சேர்ந்ததும் இரண்டு பாதமும் கொஞ்சம் வீங்குவது வழமை, ஓரிரு நாளில் வற்றும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் நொந்தால், அல்லது நெஞ்சு குத்தி மூச்சு வாங்கினால், அது பயணம் முடிந்து சில வாரங்கள் கழித்தாக இருந்தாலும், தங்கச்சி அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அவருக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள்.