விண்டோஸும் லினக்ஸும் ஒரே வட்டில்: பிரிக்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: 512 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 11 ஏற்கெனவே இருக்கிறது. லினக்ஸுக்குப் பாதியைக் கொடுத்துவிடலாமா?

பதில்: எதில் அதிக நேரம் உட்காரப் போகிறீர்கள் என்பதே முதல் கேள்வி. விண்டோஸ் 11 கேட்கும் 64 ஜிபி வெறும் நுழைவுச்சீட்டு. 150 ஜிபிக்குக் கீழே இறக்கினால் விரைவில் மூச்சுத் திணறும். லினக்ஸுக்கு 100 ஜிபி தாராளம். மிச்சத்தை இரண்டுக்கும் பொதுவான தரவுப் பகுதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லினக்ஸில் ரூட் (அமைப்புக் கோப்புகள்), ஹோம் (நம் சொந்தக் கோப்புகள்) இரண்டையும் தனித்தனி பார்ட்டிஷனாக, அதாவது வட்டின் தனிப் பகுதிகளாக, வைக்க வேண்டுமா?

பதில்: நான் ஒருமுறை அப்படித்தான் வைத்தேன். ரூட்டுக்கு 15 ஜிபி, ஹோமுக்கு 200. சில மாதங்களில் ஒரு காலை, கடவுச்சொல்லைச் சரியாகத்தான் தட்டினேன். திரை கறுத்து, மறுபடி அதே கடவுச்சொல் கட்டத்துக்கே வந்து நின்றது. மூன்று முறை. ரூட் நிரம்பி, தற்காலிகக் கோப்பு எழுதக்கூட இடமில்லை. பிளாட்பேக் முறையில் நிறுவிய செயலிகள் ரூட்டின் வார் (var) கோப்புறைக்குள் குவிந்திருந்தன. பக்கத்தில் 180 ஜிபி சும்மா கிடந்தது! ஹோமைச் சுருக்கி நகர்த்தி முடிக்க அரை நாள் போனது. ஒரே வட்டு என்றால் இரண்டையும் ஒன்றாகவே விடுங்கள். முக்கியமான கோப்புகள்தான் பொதுப் பகுதியில் இருக்கின்றனவே.

கேள்வி: சி டிரைவில் 200 ஜிபி காலி. சுருக்கப் போனால் 18 ஜிபிதான் தருகிறது.

பதில்: டிரைவின் நடுவிலோ கடைசியிலோ நகர்த்த முடியாத கோப்பு ஏதேனும் உட்கார்ந்திருக்கும். ஹைபர்நேஷனையும் (ராமில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு அணைவது) பேஜிங் கோப்பையும் (ராமுக்குத் துணையான வட்டுக் கோப்பு) சிஸ்டம் ரெஸ்டோரையும் (பழைய நிலைக்குத் திரும்பும் வசதி) தற்காலிகமாக அணைத்து, கணினியை மறுபடி தொடங்கிச் சுருக்கிப் பாருங்கள். அதற்கு முன் வேறொரு வட்டில் பிரதி எடுங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். அதே கணினிக்குள் சேமித்து வைப்பவர்களும் உண்டு. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது போல.

கேள்வி: பொதுப் பகுதிக்கு எந்த வடிவம்? என்னுடையது லினக்ஸில் படிக்க மட்டும் திறக்கிறது, எழுத விடுவதில்லை.

பதில்: விண்டோஸின் வழக்கமான வடிவமான என்டிஎஃப்எஸ். லினக்ஸின் இஎக்ஸ்டி4-ஐ விண்டோஸ் தானாகப் படிக்காது; எக்ஸ்ஃபேட் என்ற வடிவத்தில் ஜர்னல் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) கிடையாது, திடீரென மின்சாரம் போனால் ஆபத்து. எழுத விடாததற்குக் காரணம் பெரும்பாலும் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (விரைவாகத் தொடங்கும் வசதி). கணினியை அணைத்தாலும் விண்டோஸ் அரைத்தூக்கத்தில்தான் இருக்கிறது, வட்டை முழுதாகக் கைவிடுவதில்லை. அந்த வசதியை நிரந்தரமாக அணையுங்கள். லினக்ஸில் வலுக்கட்டாயமாக எழுத வைக்கும் வழிகளைத் தேடாதீர்கள்.

கேள்வி: ஸ்வாப் (ராம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் வட்டு இடம்), ராமைப் போல் இரண்டு மடங்கா?

பதில்: அது ராம் அரிதாக இருந்த காலத்துக் கணக்கு. 4 ஜிபி ஸ்வாப் கோப்பு போதும். ஹைபர்நேட் செய்வீர்கள் என்றால் மட்டும் ராம் அளவுக்கு வையுங்கள்.

கேள்வி: 100 எம்பி இஎஃப்ஐ பகுதி (கணினியைத் தொடக்கும் கோப்புகள் இருக்கும் இடம்) இருக்கிறது. லினக்ஸுக்கு இன்னொன்று உருவாக்கவா?

பதில்: வேண்டாம். கிரப் (எந்த அமைப்பைத் தொடங்குவது என்று கேட்கும் நிரல்) பயன்படுத்தினால் அதுவே போதும். லினக்ஸின் மையமான கர்னல்கள் ரூட்டில்தான் இருக்கும். நிறுவும்போது அந்தப் பகுதிக்கு எதிரே ஃபார்மட் கட்டத்தில் டிக் இல்லையே என்று இரண்டு முறை பாருங்கள். அழிந்தால் விண்டோஸ் கோப்புகள் பத்திரமாக இருக்கும், விண்டோஸ்தான் எழுந்திருக்காது.

கேள்வி: பழைய கணினி. ஐந்தாவது பார்ட்டிஷன் போட விடமாட்டேன் என்கிறது.

பதில்: எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த வட்டு, பிரைமரி (முதன்மை) பார்ட்டிஷன் நான்குதான். ஒன்றை நீக்கி எக்ஸ்டெண்டட் (பல பகுதிகளை உள்ளடக்கும் உறை) ஆக்கி, அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்கள் போடுங்கள். லினக்ஸ் அதிலிருந்தே எழும்.

கேள்வி: எல்லாம் முடிந்தது. ஆனால் லினக்ஸிலிருந்து திரும்பினால் விண்டோஸில் கடிகாரம் தவறாகக் காட்டுகிறது. பார்ட்டிஷனில் பிழையா?

பதில்: இல்லை. மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் யுடிசியாகவும் (உலகப் பொது நேரம்) படிக்கின்றன. லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். வட்டைத் தொடாதீர்கள்.