சிவப்பு ராட்சத விண்மீன்களின் வெப்பச்சலனத்துக்கு ஏன் சூரியக் கணக்கையே போட முடியவில்லை?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்பக்கம் இருப்பவர்களுக்கு வெப்பச்சலனம் தினசரி சங்கதி. காலையில் செம்பனைமேல் வெயில் காயும், சூடான காற்று ஏறும், நாலு மணிக்கு இடி மழை. கணினியால் ஒவ்வொரு மேகத்தையும் தனியாகக் கணக்கிட முடியாதபோது, 'இவ்வளவு சூடு மேலே போகும்' என்று ஒரு சூத்திரத்தைப் போட்டு வானிலைக்காரர்கள் சமாளிப்பார்கள்.

விண்மீன்களுக்கும் அதே சமாளிப்பு உண்டு. 1958-இல் வானியற்பியலாளர் எரிக்கா பேம்-விட்டென்சே செப்பனிட்ட கலப்பு நீளக் கோட்பாடு அது. சூடான வாயுக் குமிழ் கொஞ்ச தூரம் ஏறி, சுற்றியுள்ள வாயுவோடு கலந்துவிடும். எவ்வளவு தூரம்? கோட்பாடு சொல்லாது. சூரியனுக்குப் பொருத்திப் பார்த்த எண்ணையே மற்றவற்றுக்கும் கடன் வாங்குவது வழக்கம். எனக்கு இது கொஞ்சம் நெருடும், ஆனாலும் வேலை நடக்கிறது.

சூரியனில் பெரிய வம்பில்லை. ஒரு குமிழ் சுமார் 1,000 கிலோமீட்டர் அகலம். மில்லியன் கணக்கில் இருப்பதால் சராசரி எடுப்பதில் அர்த்தம் உண்டு. பெட்டல்ஜூஸ் என்ற சிவப்புப் பெருராட்சத விண்மீன், அதாவது நம் திருவாதிரை, வேறு கதை. ஊதிப் பெருத்ததில் அதன் மேற்பரப்பு ஈர்ப்பு சூரியனுடையதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஈர்ப்பு குறைந்தால், அழுத்தம் இறங்க நெடுந்தூரம் ஏற வேண்டும். குமிழின் அளவும் அந்தத் தூரத்தோடு சேர்ந்து வளரும். ஆகவே மேற்பரப்பு முழுக்க எண்ணிவிடக்கூடிய சில குமிழ்களே இருக்கும் என்று 1975-இலேயே வானியற்பியலாளர் மார்ட்டின் ஷ்வார்ட்ஸ்சைல்ட் சொல்லிவிட்டார். அதற்குச் சராசரி எடுத்து என்ன செய்வது?

சரி, முழு விண்மீனையும் ஒரே பெட்டிக்குள் வைத்து முப்பரிமாணத்தில் கணக்கிட வேண்டியதுதான். ஸ்வீடனின் உப்சாலாவில் பெர்ன்ட் ஃப்ரைடாக் குழு அதைத்தான் செய்கிறது. இதிலும் சமரசம் உண்டு. மையத்தில் நடக்கும் அணு வினைக்குப் பதில் ஒரு செயற்கை வெப்ப மூலத்தை வைக்கிறார்கள். அப்புறம் விண்மீனின் வெளியடுக்கில் இருக்கும் டைட்டானியம் ஆக்சைடு போன்ற மூலக்கூறுகள்! அவை ஒளியை உறிஞ்சும் எண்ணற்ற அலைநீளங்களைத் தனித்தனியாகக் கணக்கிட்டால் கட்டுப்படியாகாது, தொகுதிகளாகச் சுருக்குகிறார்கள்.

2017 டிசம்பரில் பை-1 குருயிஸ் என்ற ராட்சத விண்மீனின் படம் வெளியானது. ஒரு குமிழ் சுமார் 120 மில்லியன் கிலோமீட்டர், சூரியனுக்கும் வெள்ளிக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். ஷ்வார்ட்ஸ்சைல்ட் சொன்னது பலித்தது. ஆனால் 2024-இல் வெளியான ஆர் டொராடஸ் என்ற இன்னொரு ராட்சத விண்மீனின் ஆல்மா தொலைநோக்கிப் படங்களில் குமிழ்கள் ஒரு மாதச் சுழற்சியில் மாறுகின்றன. எதிர்பார்த்ததைவிட இது வேகம். அந்த வேகம் ஏன் என்பது ஆய்வாளர்களுக்கே இன்னும் பிடிபடவில்லை.